ஏழாம் நம்பர் அடிக்காமல் விட்ட எழுத்து

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கற பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்னு கேட்டு, கூடவே ஒரு படிவமும் அனுப்பியிருக்கீங்க. அதுல ஒரு கட்டம்: "பணியில் நான் கற்ற பாடங்கள், ஐந்து வரிகளுக்கு மிகாமல்." முப்பது வருஷத்துக்கு அஞ்சு வரி. தாராள மனசு உங்களுக்கு. சரி, எழுதித்தான் பாப்போமேன்னு "என் பணி" வரைக்கும் அடிச்சேன். உங்க கீபோர்டு முந்திக்கிட்டு வந்து "எனக்கு முழு மனநிறைவை அளித்தது"ன்னு சாம்பல் கலர்ல நின்னுது. ஸ்பேஸ் தட்டினா ஒரு வரி முடிஞ்சிடும். அளிச்சுதா இல்லையான்னு என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா? படிவத்தை மூடி வச்சிட்டேன். அந்தச் சாம்பல் கலர் எழுத்தைப் பத்தியே எழுதறேன். எங்க ஆபீஸ்ல அதை மொதமொதல்ல கொண்டுவந்தவ நான்தான். அதனால அதைத் திட்டற உரிமையும் எனக்குத்தான் மொதல்ல.

நம்ம தொழிலை வெளியாளுக்குப் புரிய வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கீபோர்டுல ஒரு கட்டையைத் தட்டினா ஸ்க்ரீன்ல எந்த எழுத்து விழணும், எது எதோட சேரணும், தப்பாத் தட்டினா இன்னா ஆவணும், இதை முடிவு பண்றது நம்ம வேலை. என் நாத்தனாருக்கு இருபது வருஷமா இதைச் சொல்றேன். இன்னிக்கும் டிவி ரிமோட்ல பட்டன் அமுங்கலைன்னா என்கிட்டதான் எடுத்துக்கிட்டு வர்றாங்க. நானும் தொடச்சி, பேட்டரி மாத்திக் குடுக்கறேன்.

உங்களுக்கு இப்ப ஏசி ரூம். எங்க ஆபீஸ் செஞ்சியில திருவண்ணாமலை ரோட்டுல ஒரு உரக்கடைக்கு மேல் மாடி. வயல்ல மணிலாக்கொட்டைக்கு மருந்தடிக்கற சீசன்ல கீழ டப்பாவைத் திறந்தா மேல எங்களுக்குக் கண்ணு எரியும். பன்னெண்டு பொண்ணுங்க உக்காந்து டைப் அடிப்பாங்க. சிங்கவரத்துலேர்ந்து சைக்கிள்ல வர்றவங்க, மேல்மலையனூர் பக்கத்துலேர்ந்து பஸ்ல வர்றவங்க, எல்லாம் டிகிரி முடிச்ச பிள்ளைங்க. ஆளுக்கொரு நம்பர் உண்டு. அவங்க அடிக்கற கீபோர்டை வடிவமைக்கறவ நான்.

அப்பதான் கொரியாவுலேர்ந்து ஒரு வேலை வந்துது. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க பொம்பளைங்க வீட்டுக்காரருக்கும், கட்டிக்குடுத்த பொண்ணுக்கும் எழுதின லெட்டருங்க. ஆம்பளைங்க பெரும்பாலும் சீன எழுத்துல எழுதுவாங்களாம். பொம்பளைங்கதான் சொந்த எழுத்துல எழுதியிருக்காங்க. அதுல சில எழுத்து இப்ப அந்த ஊருலயே புழக்கத்துல இல்ல. லெட்டரையெல்லாம் படம் எடுத்து அனுப்புவாங்க, நாம அதைப் பாத்து அப்படியே அடிச்சுக் குடுக்கணும். நம்ம கீபோர்டுல அந்தப் பழைய எழுத்தெல்லாம் விழற மாதிரி நான் செய்யணும்.

அந்தப் பக்கம் பொறுப்புல இருந்தவர் ஒரு வயசான பேராசிரியர். வீடியோவுல வந்ததும் மொதல்ல "சாப்பிட்டீங்களா?"ன்னுதான் கேப்பாரு. அப்புறம்தான் வேலை. எனக்கு அவரைப் பிடிச்சுப் போச்சு. "உங்க ஊருலயே ஆள் வச்சி அடிக்கலாமே, எதுக்கு எங்ககிட்ட?"ன்னு கேட்டேன். "எங்க ஆளுங்களுக்குப் பாஷை தெரியும், அதான் தொல்லை"ன்னாரு. "பழைய எழுத்தைப் பாத்ததும் அவங்க கை தானா இந்தக் காலத்து எழுத்தா மாத்தி அடிச்சிடுது. எங்களுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளுங்க வேணும்." ஒண்ணும் தெரியாதுங்கற ஒரே தகுதிக்காக எங்க ஊருக்கு வந்த மொதல் வேலை அதுதான். கடைசியா அவர் சொன்னது ஒரே ஒரு விதி: படத்துல இருக்கறது மட்டும்.

நான் மொதல்ல பண்ண கீபோர்டு ரொம்ப அறிவாளித்தனமானது. கொரிய எழுத்தோட ஓசை வரிசைப்படி கட்டைங்களை அடுக்கினேன். பொண்ணுங்களை உக்கார வச்சி ஓசையெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொன்னேன். ஒரு வாரம் கோரஸா ஒப்பிச்சாங்க. உரக்கடைக்காரர் மேல வந்து "மேடம், ஏதாவது பூஜையா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அடிக்கச் சொன்னா ஒருத்தருக்கும் வரல. அவங்களுக்குத் தேவை ஓசை இல்ல, உருவம். அவங்களே பேரு வச்சிக்கிட்டாங்க. முக்கோணமா இருக்கறது சமோசா, அதுலயே அடிக்கோடு இல்லைன்னா கூடாரம். தனியா ஒரு புள்ளி வரும், அது மிளகு. தலையில கொம்போட ஒரு வட்டம், அது கொம்பு லட்டு. சதுரமா இருந்தா ஜன்னல். கோணல்மாணலா எழுதின "உ" மாதிரி ஒண்ணு இருக்குது, அதுக்கு யாரும் பேரு வைக்க வேண்டியதே இல்லாம போச்சு. பாத்ததும் எல்லாரும் "ஐ, பிள்ளையார்!"னாங்க. அப்புறம் உருவத்துக்கு ஏத்த மாதிரி கட்டைங்களை மாத்தி அடுக்கினேன். ரெண்டே நாளுல கை ஓட ஆரம்பிச்சிடுச்சு.

இதுல ஒரு விஷயம் நடந்துது. நான் பாத்தேன், சிரிச்சேன், மறந்துட்டேன். காலையில வந்து புதுப் பக்கத்தைத் திறந்ததும் பொண்ணுங்க அந்தப் பிள்ளையார் எழுத்தை ஒரு தட்டு தட்டுவாங்க. ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாங்க. அப்புறம் அதை அழிச்சிட்டு லெட்டரை அடிக்க ஆரம்பிப்பாங்க. நோட்டுல எது எழுதினாலும் மேல சுழி போட்டுப் பழகின கை. நானே மளிகை லிஸ்டுக்கும் போடறவ. பழக்கம் யாரை விடும்?

அப்புறம்தான் எனக்குப் புத்தி வேலை செஞ்சுது. வேகம் பத்தலன்னு ஓனர் நச்சரிச்சாரு. நல்ல மனுஷன், ஆனா டென்ஷன் பார்ட்டி. அடுத்தவங்களைப் பாத்து "டென்ஷன் ஆவாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே வேர்த்துப் போவாரு. அவருக்காக நான் முன்கூட்டியே சொல்ற வசதியைச் செஞ்சேன். பொண்ணுங்க எதை எதுக்கு அப்புறம் அடிக்கறாங்கன்னு கீபோர்டு கவனிச்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு எழுத்து அடிச்சதும் மீதி இன்னான்னு ஊகிச்சி சாம்பல் கலர்ல காட்டும். ஸ்பேஸ் தட்டினா அது நிஜ எழுத்தாயிடும். வேகம் பிச்சிக்கிட்டுப் போச்சு. ஓனர் எனக்கு சால்வை போத்தினாரு. அதுல இருக்கற கூத்தைப் பாருங்க. ஒண்ணும் தெரியாத ஆளுங்க வேணும்னு கொரியாக்காரர் இத்தனை தூரம் தேடி வந்தாரு. அவருக்கு நான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிக்கற ஒரு மெஷினைச் செஞ்சு குடுத்தேன்.

கீபோர்டு கவனிச்சுதுன்னு சொன்னேன் இல்லியா? அழிச்ச எழுத்தைக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல. மறந்துட்டேன். அது பாத்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பக்கமும் அந்த எழுத்துலதான் ஆரம்பிக்குது. கொஞ்ச நாள் கழிச்சிப் புதுப் பக்கம் திறந்த உடனே, யாரும் எதையும் தொடாமலே, மேல சாம்பல் கலர்ல அந்த எழுத்து வந்து நின்னுது. பொண்ணுங்களுக்குப் புல்லரிச்சுப் போச்சாம். "பாருடி, பிள்ளையார் தானாவே வந்துட்டாரு!" ஸ்பேஸ் தட்டினாங்க. தாங்களா போட்ட சுழியை அழிச்சவங்க, தானா வந்தவரை அழிக்கல. தானா வந்தவரை எவ அழிப்பா? இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்ச கதை. அப்ப நான் பாத்தது ரிப்போர்ட்டை மட்டும்தான்.

ரிப்போர்ட் எப்படி வரும்னு சொல்லிடறேன், கதையே அங்கதான் இருக்குது. ஒவ்வொரு லெட்டரையும் ரெண்டு பேர் தனித்தனியா அடிப்பாங்க. கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். வித்தியாசம் இருந்தா மூணாவதா ஒருத்தர் அடிப்பாங்க. ரெண்டு பேர் பக்கம் எதுவோ அது சரி, தனியா நிக்கறவங்க பேருல ஒரு தப்பு ஏறும். ரெண்டு பேர் ஒரே தப்பை ஒரே எடத்துல பண்ண மாட்டாங்கங்கற நம்பிக்கையில ஓடற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்த ரெண்டு பேருக்கும் பின்னாடி ஒரே கீபோர்டு உக்காந்து ரகசியமா சொல்லிக் குடுக்காத வரைக்கும்.

மாசக் கடைசியில ரிப்போர்ட் வந்துது. பதினோரு பேரும் ஏறக்குறைய சுத்தம். ஏழாம் நம்பர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தப்பு. "முதல் எழுத்து விடுபட்டுள்ளது." ஒரு பக்கம் இல்ல, எல்லாப் பக்கமும். நடுநடுவுலயும் மத்தவங்களோட ஒத்துப் போகாத எழுத்துங்க. பன்னெண்டு பேருல ஒருத்தி பர்வீன். அவ மொதல்ல கொஞ்ச நாள் அந்த எழுத்தை அழிச்சிக்கிட்டுதான் இருந்தாளாம். தினக் கணக்குல தன் பேருல தப்பு ஏறறதைப் பாத்ததும் அவளும் எல்லாரையும் போல ஸ்பேஸ் தட்டிட்டா. ரிப்போர்ட் அவளைத் திருத்திடுச்சு.

ஏழாம் நம்பர் தேவகி. மேல்மலையனூர் பக்கம். அதிகம் பேச மாட்டா, கொஞ்சம் நிதானம். சாம்பல் கலர் எழுத்து வேணாம்னு அந்த வசதியையே அவ நிறுத்தி வச்சிருந்தா. அதை ஏன் நிறுத்தினன்னு நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

"முன்னாடி வந்து நிக்குது மேடம். படத்துல இருக்கறது ஒண்ணு, இது குடுக்கறது ஒண்ணு"ன்னா.

"பதினோரு பேருக்கு நிக்கல, உனக்கு மட்டும் நிக்குதா?"

"மொத எழுத்துன்னு சொல்றாங்களே, அது படத்துலயே இல்ல மேடம். ஒரு தடவை நீங்களே பாருங்க."

கையில படத்தைப் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தா. எனக்கு அப்ப ஒரு போன். போனைக் கையால பொத்திக்கிட்டு நான் சொன்னது இன்னும் என் காதுல இருக்குது: "பதினோரு பேர் கண்ணுக்குத் தெரியறது உன் கண்ணுக்குத் தெரியலைன்னா கோளாறு எங்க இருக்குதுன்னு நீயே யோசி. போய் கண்ணைக் காட்டு." நகைச்சுவையா சொன்னதா அப்ப எனக்கு ஒரு நெனப்பு வேற.

தேவகி நெஜமாவே போனா. திண்டிவனத்துல கண் முகாம்ல வரிசையில நின்னு காட்டிட்டு, மறுநாள் ஒரு சீட்டைக் கொண்டாந்து என் டேபிள் மேல வச்சா. பார்வை குறை இல்ல, கண்ணாடி தேவையில்லன்னு எழுதியிருந்துது. வச்சிட்டு அவ எடத்துக்குப் போயிட்டா. ஒரு மனுஷி இதுக்கு மேல எப்படித்தான் ஒரு விஷயத்தைச் சொல்றது? நான் இன்னா பண்ணேன்? கண்ணுல கோளாறு இல்லைன்னா அப்ப கவனத்துலதான் கோளாறுன்னு முடிவு கட்டினேன். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேன். ஓனர் அவளை நிறுத்திட்டாரு.

நிறுத்தினதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. திண்டிவனத்துல ஒரு காலேஜ் ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்கு அவ ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தா. நிரந்தர வேலை. நேர்முகத்துக்கு முன்னாடியே முந்தின எடத்துலேர்ந்து அனுபவச் சான்று வாங்கிக் குடுக்கச் சொல்லியிருந்தாங்க. நாங்க குடுத்த சான்றுல "கவனக்குறைவு காரணமாக விடுவிக்கப்பட்டார்"னு ஒரு வரி. டைப்பிஸ்ட் வேலைக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மேல படிக்கவே மாட்டாங்க. தேவகி கடைசியா என்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. "வேலை போனா போவுது மேடம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க." ரிப்போர்ட் சொல்றதை நான் மாத்த முடியாதும்மான்னு சொன்னேன். எவ்வளவு நேர்மையான ஆளு நான், பாருங்க.

ரெண்டு வாரம் கழிச்சி பேராசிரியர்கிட்டேர்ந்து மெயில் வந்துது. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. அண்மையில நீங்க அனுப்பின எல்லா லெட்டர்லயும் தலையில தனியா ஒரு எழுத்து நிக்குது. படங்கள்ல அது எங்களுக்குத் தெரியல. எங்க கண்ணுலதான் குறையோன்னு பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தோம். ஆராய்ச்சி பண்ற பசங்கள்ல ஒருத்தர், அந்தக் காலப் பெண்கள் தங்களுக்குள்ள வச்சிக்கிட்ட ரகசியக் குறியா இருக்கலாம்னு ஒரு அட்டவணை போட ஆரம்பிச்சிட்டாரு. அவர் இன்னும் முன்னேறிப் போறதுக்குள்ள உங்க கருத்தைத் தெரிவிச்சா நல்லது.

நான் நேரா ஹாலுக்குப் போய் ஒரு பொண்ணு பின்னாடி நின்னேன். புதுப் பக்கம் திறந்தா. மேல வந்து நின்னாரு. ஸ்பேஸ் தட்டினா. "இது இன்னாடி?"ன்னேன். "பிள்ளையார் மேடம். நீங்கதானே செட் பண்ணீங்க?"ன்னா, நன்றியோட. கீழேர்ந்து வர்ற மருந்து நெடியில கண்ணு எரிஞ்சாலும் பரவாயில்லன்னு ஜன்னல்கிட்ட போய் நின்னேன்.

ஓனர்கிட்ட சொன்னதும் அவரு வேர்த்துக்கிட்டே வழி கண்டுபிடிச்சாரு. "டென்ஷன் ஆவாதீங்க மேடம். மொத எழுத்து மட்டும்தானே? எல்லா ஃபைல்லயும் ஒரே அடியா தூக்கிடுங்க. ரெண்டு நிமிஷம். டெக்னிக்கல் கோளாறு, சரி பண்ணிட்டோம்னு எழுதிடலாம்." பொய் சொல்ல மாட்டேன், நான் அதுக்குத் தயாராத்தான் உக்காந்தேன். கட்டளையெல்லாம் எழுதி முடிச்சிட்டேன். விரல் என்டர் மேல இருந்துது. அமுக்கறதுக்கு முன்னாடி சும்மா ஒரு லெட்டரைத் திறந்து படத்தையும் பக்கத்துல வச்சேன். மாசக்கணக்குல அந்த வேலையை நடத்தினவ, ஒரு பக்கத்தைப் படத்தோட வச்சிப் பாத்தது அன்னிக்குத்தான் மொதல் தடவை.

நாலாவது வரியில படத்துல மிளகு இருக்குது, அடிச்சதுல வேற எழுத்து. அடுத்த வரியில சமோசா இருக்கற எடத்துல கூடாரம். கீபோர்டு ஊகிச்சி எடுத்துக் குடுத்தது, ஒருத்தி ஸ்பேஸ் தட்டினது, இன்னொருத்தியும் அதையே தட்டினது, ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு கம்ப்யூட்டர் முத்திரை குத்தினது. இந்தத் தப்புங்க எல்லாம் உள்ளுக்குள்ள நல்ல பிள்ளையாட்டம் உக்காந்திருந்துது. பிள்ளையார் ஒருத்தர்தான் தலையில போய் உக்காந்ததால கண்ணுல பட்டாரு. அவரை மட்டும் அழிச்சிட்டா மீதி தப்பை என்னிக்கும் எவனும் கண்டுபிடிக்க மாட்டான். ஏழாம் நம்பர் அடிச்ச அதே லெட்டரைத் திறந்தேன். மிளகு இருக்கற எடத்துல மிளகு. சமோசா இருக்கற எடத்துல சமோசா. தலையில ஒண்ணும் இல்ல. எனக்கு வெக்கமா போச்சு. வயசுக்கு அது நல்லதில்லன்னு அழாம இருந்தேன், அவ்வளவுதான்.

பேராசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். கீபோர்டு தப்பு என்னுது, சுழி எங்க பழக்கம், எல்லாப் பக்கமும் மறுபடி பாக்கணும்னு எழுதி, பன்னெண்டு பேர் அடிச்சதையும் தனித்தனியா அனுப்பினேன். ஓனர் ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது நாள் பதில் வந்துது. மொத வரி: சாப்பிட்டீங்களா? ரெண்டாவது வரி: ரகசியக் குறி விஷயத்துல அந்தப் பையனுக்குத்தான் ரொம்ப வருத்தம், ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கோம். மூணாவது: வேலையைத் தொடரலாம், ஆனா எல்லாப் பக்கத்தையும் கடைசியா ஏழாம் நம்பர் பாத்துட்டு அனுப்பணும். அவரோட கண்ணை நாங்க நம்பறோம்.

நான் கண் முகாமுக்கு அனுப்பின கண்ணு அது.

ஓனருக்கு உடனே ஞானம் வந்துடுச்சு. "கூப்பிட்டுக்கலாம் மேடம், போன் போடுங்க." சான்றை மாத்திக் குடுங்கன்னு நான் சொன்னதும் ஞானம் போயிடுச்சு. "கவனக்குறைவுங்கற வரியை எடுத்துடறேன். ஆனா தப்பு நம்மளுதுன்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுக்க முடியாது. கம்பெனி பேரு இன்னா ஆவறது?" காலேஜ்ல பழைய சான்றை ஏற்கெனவே வாங்கிப் பாத்துட்டாங்கன்னு அதுக்குள்ள தெரிஞ்சி போச்சு. அந்த வரி இல்லாத புதுச் சான்றைக் கொண்டுபோனா, சிபாரிசு பண்ணி எடுக்க வச்சதுன்னுதான் நெனப்பாங்க. அந்த வரியை எதுக்கு எடுத்தோம்னு காரணம் எழுதியிருந்தாத்தான் நிக்கும். நேர்முகத்துக்கு நாலே நாள் இருந்துது.

சரி, லெட்டர்ஹெட் வேணாம்னு வெள்ளைத் தாளை எடுத்தேன். என் பேரு, என் வேலை, கீழ என் கையெழுத்து. இந்தப் பொண்ணு பேருல ஏறின எல்லாத் தப்பும் நான் வடிவமைச்ச கீபோர்டோட தப்பு. பன்னெண்டு பேருல சரியா அடிச்சது இவ ஒருத்திதான். அதை அவ என்கிட்ட சொன்னா, நான் பாக்கல. இவ்வளவுதான் விஷயம். கீபோர்டெல்லாம் கிடக்கட்டும்னு பேனாவாலயே எழுதினேன். இதைப் படிக்கறவங்க யாரும் அப்புறம் என்கிட்ட கீபோர்டு பண்ணச் சொல்வாங்களான்னு தெரியல.

போன் போட்டேன், எடுக்கல. மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர்ல அவங்க நைனா கோயில் பக்கத்துல எலுமிச்சம்பழமும் குங்குமமும் விக்கறாரு, அமாவாசைக்கு அவளும் கடையில நிப்பான்னு பொண்ணுங்க சொன்னாங்க. காலையில ஸ்பெஷல் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா மடியில கோழியோட. அந்தக் கோழிக்குக் கூட சீட் இருந்துது.

கடையைக் கண்டுபிடிச்சேன். அவங்க நைனா எலுமிச்சம்பழத்தை மாலை கட்டிக்கிட்டே, "யாரும்மா நீங்க, இன்னா வேணும்?"னாரு.

"செஞ்சி ஆபீஸ்லேர்ந்து வரேன். தேவகியைப் பாக்கணும்."

ஏற இறங்கப் பாத்தாரு. "ஓ. கண்ணைக் காட்டச் சொன்ன மேடமா?"

அந்த வீட்டுல எனக்கு அதுதான் பேரு. நான் ஆமான்னேன்.

தேவகி பின்னாடிலேர்ந்து வந்தா. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். மன்னிச்சிடும்மான்னு சொன்னேன். கூட்டத்துல அது அவ காதுல விழுந்துதா தெரியல, மறுபடியும் சத்தமா சொன்னேன். குங்குமம் வாங்க வந்த ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.

"சுழிதான் அதுன்னு உனக்குத் தெரியுமா?"ன்னேன்.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? படத்துல இல்ல, படத்துல இல்லன்னே சொல்லிக்கிட்டிருந்தியே!"

"சொன்னா பதினோரு பேருக்கும் வேலை போயிருக்கும். நீங்க படத்தைப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். நீங்க பாக்கல."

நீயும் சுழி போட மாட்டியான்னு கேட்டேன், ஏதாவது பேசணுமேன்னு.

"தினமும் போடுவேன் மேடம். என் நோட்டுல போடுவேன். அது அந்தம்மா எழுதின லெட்டரு. அதுல எதுக்கு நம்ம சுழியைப் போடணும்?"

முப்பது வருஷத்துல இந்தத் தொழிலைப் பத்தி நான் கேட்டதுலயே சரியான பேச்சு அது. உங்க கட்டத்துக்கு அஞ்சு வரி கூட வேணாம், அது ஒண்ணு போதும். ஆனா அதைச் சொன்னது நான் இல்ல. என் பேருல போட்டுடாதீங்க.

வேலைக்கு வரியான்னு கேட்டேன். கொரியாவுல உன்னைத்தான் கேக்கறாங்கன்னு சொன்னேன். "காலேஜ் வேலை கிடைச்சா அங்கதான் மேடம்"னா, யோசிக்கவே இல்ல. அது அவளுக்குக் கிடைச்சுது, இன்னிக்கும் அங்கதான் இருக்கா. கொரியாக்காரரோட பக்கங்களை ஞாயித்துக்கிழமையில பாத்துக் குடுத்தா, அது வேற. இப்ப நம்ம எல்லாக் கீபோர்டுலயும் அழிச்ச எழுத்தைக் கத்துக்காதேன்னு ஒரு கட்டளை இருக்குதே, அதை அந்த வாரம் எழுதினதுதான். தேவையில்லன்னு எவனாவது எடுத்தீங்கன்னா வீட்டுக்கே வந்து திட்டுவேன்.

நான் எழுதின தாளை அவகிட்ட குடுத்தேன். பழத் தட்டை நகத்திட்டு, தாளை விரிச்சி வச்சி, வரிக்குக் கீழ விரலை ஓட்டி மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சா. படம் பாத்து அடிக்கும்போது எப்படிப் பாப்பாளோ அதே பார்வை. கீழ கையெழுத்து வரைக்கும் வந்துட்டு, விரலைத் தூக்கி மறுபடி தாளோட உச்சிக்குக் கொண்டுபோனா. அங்கயே நிறுத்திட்டா.

"மேடம், மேல சுழி போட்டிருக்கீங்க."

குனிஞ்சி பாத்தேன். இருந்துது. நடுவுல, நல்லா கொழுகொழுன்னு, அடியில ரெண்டு கோடு வேற. எப்ப போட்டேன்னே எனக்குத் தெரியல. கை பாட்டுக்குப் போட்டிருக்குது.

"ஐயையோ, குடு குடு. வேற தாளுல எழுதிக் குடுத்துடறேன்"னு கையை நீட்டினேன்.

தேவகி தாளைக் குடுக்கல. நாலா மடிச்சி ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கிட்டா.

"இருக்கட்டும் மேடம்"னா. "இது உங்க லெட்டர்தானே."